நியாயவாதிக்கு நாவன்மை மட்டும் போதுமா?

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



சட்டத்துறையிற் புகுந்து முன்னேற விரும்புவோருக்கு எத்தகைய குணங்கள் வேண்டும் என்பது பற்றிப் பேசும்படி உங்கள் காரியதரிசி என்னைப் பணித்தார். சட்டத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு எளிது. குணத்தைப் பற்றிப் பேசுவது அத்துணை எளிதன்று. எனினும், நெடுங்காலம் நியாயஸ்தலங்களின் வாங்குகளில் இருந்து தேய்ந்தவன் என்ற உரிமையினால், கண்டவற்றையும் கேட்டவற்றையும் சொல்லத் துணிகின்றேன்.

நம் ஊரிலே ஒரு பிள்ளை சற்று வாய்த்துடுக்காகப் பேசினாற் போதும். "இவன் அப்புக்காத்தாய் வரவேண்டியவன்" என்று வீட்டிலுள்ள கிழவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அப்புக்காத்து என்றால் என்ன என்று இக்காலத்துப் பிள்ளைகள் கேட்கக்கூடும். முன்னாளில் இந்நாட்டு வழக்கறிஞர் இருவகையினர். கட்சிக்காரரைச் சந்தித்துப் பத்திரங்களை ஆயத்தஞ் செய்பவர் பிறக்கிராசி. நீதிபதியின் முன் நின்று வாதாடுபவர் அப்புக்காத்து. 1974ஆம் ஆண்டு தொடக்கம் இவ்விரு பிரிவும் ஒன்றாக்கப்பட்டுச் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் வழங்கலாயிற்று. பெயர் மாறியதேயன்றி அந்தக் கிழவர்களின் எண்ணம் மாறவில்லை. வாய் உள்ளவனுக்கே வழக்கு என்பது இன்றும் நம்மவர் நம்பிக்கை.

இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய் என்று பார்க்க, நம் எல்லோருக்கும் தெரிந்த இருவரை எடுத்துக்கொள்வோம். அவர்களின் அரசியலை இங்கே நான் பேச வரவில்லை. தொழிலை மட்டும் பேசுகின்றேன். ஒருவர் ஜி. ஜி. பொன்னம்பலம், மற்றவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். முன்னவர் குற்றவியல் வழக்குகளில் பேர் பெற்றவர். அவருடைய குறுக்கு விசாரணையைக் கேட்பதற்கென்றே வழக்கில்லாத மனிதர்களும் நியாயஸ்தலத்துக்குப் போவார்கள். பின்னவர் காணி, சொத்து, ஒப்பந்தம் முதலிய குடியியல் வழக்குகளில் வல்லவர், மென்மையாகப் பேசுபவர், மேடைப் பேச்சாளர் என்று அவரை அவருடைய அன்பர்களும் சொல்வதில்லை. ஒருவர் இடியென்றால் மற்றவர் தூறல். ஆயினும் 1940களின் பிற்பகுதியில் இருவருமே அரச அப்புக்காத்து என்னும் உயர்ந்த நிலையை அடைந்தனர். நாவன்மையே இத்தொழிலின் உயிர் என்றால் செல்வநாயகம் எவ்வாறு அவ்விடத்தை அடைந்தார்? இருவருக்கும் பொதுவாய் இருந்தது எது?

ஒன்று சொல்லலாம். இருவரும் முதலில் விஞ்ஞானம் படித்தவர்கள். பொன்னம்பலம் கேம்பிரிட்ஜிலே இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தியவர். செல்வநாயகம் விஞ்ஞான ஆசிரியராகத் தொழில் பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர். ஒரு பொருளை உள்ளபடி பார்த்து, அளந்து, அதன் பின்னரே வாய் திறக்கும் பழக்கம் ஆய்வுகூடத்தில் வருவது. அப்பழக்கத்தோடு வந்தவருக்கு உரத்த குரலும் உதவும், மெல்லிய குரலும் உதவும். அஃதில்லாதவருக்கு ஒலிபெருக்கி பூட்டினாலும் பயனில்லை.

அன்பர்களே, நியாயவாதிக்கு முதல் உறுப்பு நாவன்று, செவி. நான் தொழில் பழகிய காலத்திலே என் சிரேஷ்டர் ஒருவரிடம் கண்டதைச் சொல்கின்றேன். ஊரும் பேரும் வேண்டாம். ஓர் ஆச்சி ஒழுங்கைப் பிரச்சினை ஒன்றைக் கொண்டுவந்தார். தலைமுறையாய் அவர்கள் நடந்த ஒழுங்கையைப் பக்கத்துக் காணிக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். பத்து ஆண்டுக்கு மேலாகத் தடையின்றி அவ்வழியைத் தம் உரிமையாகப் பயன்படுத்தியதைக் காட்டவேண்டும். காட்டுவதற்கு ஆச்சியிடம் எழுத்து ஒன்றுமில்லை. ஆச்சியோ வழக்கை விட்டுப் பேரன் பூட்டன் கதையெல்லாம் சொல்கின்றார். நான் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்க்கின்றேன். சிரேஷ்டர் ஒருமுறையும் குறுக்கிடவில்லை. முக்கால் மணி நேரஞ் சென்றபின் ஆச்சி சொன்னார்: "என்ரை மூத்தவளுக்குத் தண்ணி வாக்க மாமன்மார் மேளத்தோடை அந்த ஒழுங்கையாலைதானே ஐயா வந்தவை."

சிரேஷ்டர் நிமிர்ந்தார். "ஆச்சி, அண்டைக்குப் படம் பிடிச்சவையோ?"

"பிடிச்சவை ஐயா. பெட்டிக்குள்ளை கிடக்கு."

அந்தப் படத்திலே ஒழுங்கையும் இருந்தது, படலையும் இருந்தது, மேளகாரரும் இருந்தனர்; தட்டந் தூக்கி வந்த பெண்களுள் எதிராளியின் தாயாரும் இருந்தார்! மூத்தவளுக்கோ அப்போது திருமண வயதில் ஒரு மகள். அந்த வழக்கு விசாரணைக்கே போகவில்லை; இரு வீட்டாரும் இருந்து பேசி வேலியைத் திறந்தனர். கேள்விக்கு மேற் கேள்வி போட்டு ஆச்சியை அடக்கியிருந்தால் அந்தப் படம் இன்றைக்கும் பெட்டிக்குள்ளேதான் கிடந்திருக்கும்.

செவிக்கு அடுத்தது உழைப்பு. இது எல்லாத் தொழிலுக்கும் பொது என்பீர்கள். சட்டத்தில் உழைப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு: நாளைய வழக்கு எந்தச் சாஸ்திரத்தைக் கேட்கும் என்று இன்றைக்குத் தெரியாது. 1951ஆம் ஆண்டு கொழும்பிலே புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் எம். சதாசிவத்தின் மனைவியார் கொலையுண்டார். கணவர்மேற் குற்றஞ் சாட்டப்பட்டது. அவருக்காகத் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. மரணம் நேர்ந்தது எத்தனை மணிக்கு என்பதே அவ்வழக்கின் உயிர்நிலை. கணவர் வீட்டை விட்டுப் போன பின்னர் மரணம் நேர்ந்ததென்றால் அவர் குற்றவாளியல்லர். கொல்வின் டி சில்வா பெற்ற கலாநிதிப் பட்டம் வரலாற்றுக்கு உரியது, வைத்தியத்துக்கு உரியதன்று. எனினும் இறந்த உடலின் வெப்பம் எவ்வாறு தணியும், உணவு எந்த அளவிற் சீரணிக்கும் என்பனவற்றை நிபுணரோடு நிபுணராய் நின்று வாதிக்க வேண்டியதாயிற்று. எடின்பரோவிலிருந்து சட்ட வைத்தியப் பேராசிரியர் சேர் சிட்னி ஸ்மித்தும் சாட்சியத்துக்கு அழைக்கப்பட்டார். 1953இல் சதாசிவம் விடுதலையானார். அவ்வழக்கை நாவன்மை வென்றது என்று பத்திரிகை படித்தவர்கள் சொல்வார்கள். அதன் பின்னால் எத்தனை இரவுகள் விளக்கெரிந்திருக்கும் என்பதைத் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள்.

சேர் பொன்னம்பலம் இராமநாதனை நாம் அரசியற் பெரியாராகவும் பரமேஸ்வராக் கல்லூரி, இராமநாதன் கல்லூரி ஆகியவற்றின் தாபகராகவும் அறிவோம். வாலிபப் பருவத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பலர் அறியார். 1820ஆம் ஆண்டு தொடக்கம் 1877 வரையுள்ள காலத்து உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுட் பலவற்றைத் தேடித் திரட்டித் தொகுதி தொகுதியாய்ப் பதிப்பித்தார். அவை 'இராமநாதன் அறிக்கைகள்' என்றே சட்டநூல்களில் வழங்கும். கைதட்டல் வாராத வேலை. தூசி தட்டும் வேலை. அதைச் செய்தவரே பின்னாளில் சொலிசிற்றர் ஜெனரல் ஆனார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் நினைக்கத்தக்கவர். ஏடுகளை ஒப்பிட்டுப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அந்தப் பெரியார் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர். ஓர் ஏட்டில் உள்ள எழுத்து மற்றோர் ஏட்டில் ஏன் மாறியது என்று வினாவும் கண்ணும், ஓர் உறுதியில் உள்ள எல்லை அடுத்த உறுதியில் ஏன் மாறியது என்று வினாவும் கண்ணும் ஒன்றே என்பது என் கருத்து.

உறுதி என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகின்றது. சைவப் பிள்ளைகள் எல்லோரும் கேட்ட கதைதான். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தரிலே ஒரு முதிய அந்தணர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டினார். சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிட்டார். அதனோடு வழக்கு முடிந்ததா? இல்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் விசாரித்தபோது, கிழித்தது படியோலை, மூல ஓலை இதோ இருக்கின்றது என்றார் கிழவர். ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றில் ஒன்றால் நிறுவுக என்றது சபை. பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தனர். பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னர். பக்திச் சுவைக்காக இதைப் படிக்கின்றோம். சட்டம் படிக்கும் வாலிபர் இன்னொரு முறை படிக்கட்டும். மூலத்தைப் பத்திரப்படுத்துதல், படியைத் தனியே வைத்தல், எழுத்தை ஒப்பிடுதல் ஆகிய இவையெல்லாம் அங்கே உள்ளன. எதிராளியின் ஆவணத்தைக் கிழிப்பதால் வழக்கு வெல்லாது என்பதும் அங்கே உள்ளது.

நமது குடாநாட்டில் இஃது ஏட்டுக் கதையன்று. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் பெயர்ந்தபோது பிள்ளையைத் தூக்கியவர் பெட்டியைத் தூக்கவில்லை. பெட்டியைத் தூக்கியவர் அதனை வழியிலே விட்டார். உறுதிகள் போயின. 1990 தொடக்கம் வலி வடக்கிலே காணிகளை இழந்தவர்கள், அவை பகுதி பகுதியாக விடப்பட்டபோது திரும்பிச் சென்று பார்த்தால் வேலியுமில்லை, எல்லைக் கல்லுமில்லை, கிணறு எங்கேயென்றும் தெரியவில்லை. இன்னும் விடப்படாத காணிகளும் உள. மறுபுறத்தில், உரியவர் இல்லாத காலத்தில் வேறொருவர் குடியேறிப் பத்து ஆண்டு கடந்ததால் தமக்கே உரிமை என்கின்றார். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அந்தப் பத்தாண்டுக் கணக்கைச் சொல்கின்றது. யுத்தத்தால் வழக்குத் தொடர இயலாதிருந்தோர் பொருட்டு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1983 மே 1ஆம் தேதி தொடக்கம் 2009 மே 18ஆம் தேதி வரையான காலம் அதிலே விசேடமாகக் கருதப்பட்டது. அது யாருக்கு, எந்த நிபந்தனையோடு, எந்தக் கால எல்லைக்குள் பொருந்தும் என்று எழுத்தெழுத்தாய்ப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். காணிப் பதிவகத்திலே பழைய பதிவுகளைப் பக்கம் பக்கமாகத் தேட ஒருவர் வேண்டும். இங்கே வேண்டியது சொல்லலங்காரமா? பொறுமை அல்லவா!

தேசவழமையைச் சிறிது சொல்லவேண்டும். 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை இவ்வூர் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்வையிட்டனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்களோடு அச்சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நம்மை ஆள்கின்றது. அச்சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்பதாயின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இவ்விதி இக்காலத்துக்குத் தகுமா என்பது வேறு விவாதம். தகாது என்றே நான் எண்ணுகின்றேன். ஆனால் விதி இருக்கும்வரை அதைப் பார்க்கத்தான் வேண்டும். கணவர் கனடாவில் இருக்கின்றார், பிறகு பார்க்கலாம் என்று எழுதப்பட்ட உறுதி, இருபது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளை நியாயஸ்தலப் படியேற்றும். பிரசித்த நொத்தாரிசின் ஒரு நிமிடக் கவனக்குறைவுக்கு அதை வாங்கியவரின் குடும்பம் ஒரு தலைமுறை தெண்டம் இறுக்கும்.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்கில் நியாயஸ்தல மொழி தமிழ். மேன்முறையீடு கொழும்புக்குப் போனால் ஆங்கிலம்; பழைய தீர்ப்பறிக்கைகள் யாவும் ஆங்கிலம். சிங்களம் அறிந்தவருக்கு நாடு முழுவதும் வேலையுண்டு. எனவே மூன்றையும் படியுங்கள். ஆயின் தமிழ் தானாய் வரும் என்று எண்ணாதீர்கள். ஒற்றி வேறு, ஈடு வேறு, அறுதி வேறு. வழிவாய்க்கால் என்று உறுதியில் எழுதியிருந்தால் அதன் பொருளென்ன, கிணற்றிலே எத்தனையில் ஒரு பங்கு என்பவற்றை அறியாத பட்டதாரியை வெற்றிலை போடும் ஒரு கமக்காரர் சாட்சிக் கூட்டில் நின்று தோற்கடித்துவிடுவார். நான் கண்டிருக்கின்றேன்.

இனி, குணங்களுள் அரிய ஒன்றுக்கு வருகின்றேன். வந்த கட்சிக்காரரிடம் "இந்த வழக்கைப் போடவேண்டாம்" என்று சொல்லும் நெஞ்சுரம். நம்மவருக்கு வழக்கில் உள்ள பிரீதி உலகறிந்தது. இரவோடிரவாக ஒரு கதியால் ஒரு சாண் நகர்ந்தது என்பதற்காக, அந்தச் சாண் நிலத்தின் விலையைப் போல் நூறு மடங்கு செலவழித்தவர்கள் உண்டு. வேலிக்காக வழக்காடி வளவை விற்றவர்களும் உண்டு. காணியைப் பங்கிடும் வழக்கொன்று தொடங்கியவர் காலத்தில் முடியாமல் மக்கள் காலத்துக்கும் செல்வது வியப்பன்று. அண்ணன் தம்பி தவணைக்குத் தவணை ஒரே பஸ்ஸில் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்து, ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். இத்தகைய வழக்கோடு ஒருவர் வரும்போது, இளஞ் சட்டத்தரணிக்கு வீட்டு வாடகை கொடுக்கவேண்டிய நாளாக அது இருக்கும். எதிரே இருப்பவர் கோபத்தோடும் காசோடும் இருக்கின்றார். அப்போது, "அண்ணை, இதிலே உங்களுக்கு வெற்றி வந்தாலும் இலாபமில்லை, தம்பியாரைக் கூட்டி வாருங்கள், இருந்து பேசுவோம்" என்று சொல்லவேண்டும். அவர் கோபித்துக்கொண்டு வேறொருவரிடம் போகவுங் கூடும், பெரும்பாலும் போவார். சில ஆண்டுகள் கழித்துத் தம் மகளின் சீதன உறுதி எழுதுவதற்கு அதே மனிதர் உங்களைத் தேடி வருவார். மெய் சொன்னவர் யார் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும். இத்தொழிலிலே ஆரம்ப ஆண்டுகள் வரட்சியானவை. அந்த வரட்சியைத் தாங்கும் குடும்பத்தாரின் பொறுமையும் வேண்டும். இங்கே வந்திருக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லி வைக்கின்றேன்: மகன் அல்லது மகள் சத்தியப்பிரமாணஞ் செய்த மறுமாதமே வீடு கட்டுவார் என்று எதிர்பார்த்து அவரைக் கெடுத்துவிடாதீர்கள்.

கெடும் வழிகள் பல. கட்சிக்காரரின் பணத்தைத் தம் பணத்தோடு சேர்த்து வைப்பது முதலாவது. 1988ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் உள்ளன. தவறியவரின் பெயரை நீக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு. ஆனால் பெயர் நீங்குவதற்கு நெடுநாள் முன்னரே ஊர் அவரை நீக்கிவிடும். இரகசியங் காத்தல் இன்னொன்று. கட்சிக்காரர் தம் சட்டத்தரணியிடம் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வெளியிடலாகாது என்று 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் சொல்கின்றது. தொழிலுறவு முடிந்த பின்னும் அக்கடமை முடிவதில்லை. சிறிய ஊர், கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் எல்லோரும் எல்லோரையும் விசாரிக்கும் ஊர். "அந்த வழக்கு என்ன மாதிரி?" என்று மாமனார் கேட்டாலும் புன்சிரிப்போடு வேறு கதை பேசத் தெரியவேண்டும்.

மெய்யைப் பற்றிச் சொல்லும்போது சேர் முத்துக்குமாரசுவாமியை மறக்கலாகாது. இங்கிலாந்து சென்று இந்துவாகவே இருந்து பாரிஸ்டரான முன்னோடி அவர், இராமநாதனின் தாய்மாமன். 1863இல் அங்கே இருந்தபோது அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் நாடகம் எது தெரியுமா? அரிச்சந்திரன் கதை! வழக்கறிஞர் என்றாற் பொய்யர் என்று பரிகாசஞ் செய்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. நீதிபதியிடம் ஒருமுறை பொய்யான மேற்கோள் காட்டியவர் பின்பு மெய்யே சொன்னாலும் நீதிபதி புத்தகத்தை எடுத்துப் பார்ப்பார். நம்பிக்கையுள்ளவர் சொன்னால் எடுத்துப் பாரார். இந்த வேறுபாட்டின் பெறுமதியைப் பணத்தாற் கணக்கிட முடியாது.

கடைசியாகத் துணிவு. 1915ஆம் ஆண்டுக் கலகத்தின் பின் இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிங்கள மக்கள் கொடுமைக்கு உட்பட்டபோது, அவர்களுக்காகச் சட்டசபையிலும் லண்டனிலும் வாதாடியவர் இராமநாதன். அவர் அவர்களின் இனத்தவரல்லர், சமயத்தவருமல்லர். அவ்வழக்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஊர் வெறுப்பவருக்காகவும் அரசு வெறுப்பவருக்காகவும் எழுந்து நிற்கும் ஒருவர் இல்லையேல் நியாயஸ்தலம் வெறும் கட்டிடம். இது சொல்வதற்கு எளிது. ஊர் முழுதும் கொதித்து நிற்கும் ஒரு கொலை வழக்கில் எதிரிக்காகத் தோன்றியவரின் வீட்டார் கடைக்குப் போகக் கூசுவார்கள்.

1976ஆம் ஆண்டு அ. அமிர்தலிங்கமும் வேறு தமிழ்த் தலைவர்களும் துண்டுப் பிரசுரம் விநியோகித்தமைக்காக கொழும்பில் ஜூரிகளின்றி மூன்று நீதிபதிகள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டனர். அறுபதுக்கும் மேற்பட்ட சட்டத்தரணிகள் எதிரிகள் பக்கம் தோன்றினர். அவர்களுள் நான் முதலிற் சொன்ன இருவரும் இருந்தனர். 1949இற் பிரிந்து, கால் நூற்றாண்டாக எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள் ஒரே வாங்கில் அமர்ந்தனர். அங்கே உணர்ச்சிப் பேச்சு முன்னுக்கு வரவில்லை. அவசரகால விதிகள் சட்டப்படி செல்லுமா என்ற வரட்சியான கேள்வியே முன்வைக்கப்பட்டது. செல்வநாயகத்தின் உடல் அப்போது நோயினால் தளர்ந்திருந்தது; செவியும் மங்கியிருந்தது. மறு ஆண்டு மாசியிற் பொன்னம்பலமும் சித்திரையிற் செல்வநாயகமும் காலமானார்கள்.

சட்டக் கல்லூரிப் பரீட்சைக்கோ பல்கலைக்கழகச் சட்டத் துறைக்கோ விண்ணப்பிக்க எண்ணியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகின்றேன். நியாயஸ்தலம் பொதுமக்களுக்குத் திறந்த இடம். ஒரு நாள் துப்புரவாக உடுத்திக்கொண்டு போய்ப் பின்வாங்கில் இருங்கள். கொலை வழக்கைத் தேட வேண்டாம். ஒரு காணி வழக்குப் போதும். காலையிற் கூட்டம் இருக்கும். மத்தியானத்துக்குப் பின் எல்லோரும் போனபிறகும் இருங்கள். நில அளவையாளரின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கிழவரிடம் வடக்கெல்லையில் நின்ற பூவரசைப் பற்றி ஒருவர் நூறு கேள்வி கேட்பார். உங்களுக்குத் தூக்கம் வருகின்றதா, அல்லது அடுத்த கேள்வி என்னவென்று மனம் தேடுகின்றதா என்று பார்த்துக்கொண்டு வந்து, அதன் பிறகு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.